கிரீன் சர்க்கிளுக்கு இன்னொரு பாலம் வேண்டுமா?

கேள்வி | ஜூன் 9, இரவு 9.50

காட்பாடியிலிருந்து தினமும் வேலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேலைக்கு வருகிறேன். பாலாற்றுப் பாலம் தாண்டி கிரீன் சர்க்கிளைக் கடப்பதற்குள் சில நாள் 20 நிமிடம் போய்விடுகிறது. ரவுண்டானாவை இடித்துவிட்டு காட்பாடி ரோட்டுக்கு நேராக ஒரு மேம்பாலம் போட்டால்தான் இது தீரும் என்கிறேன். இல்லை என்று சொல்ல யாரிடமாவது காரணம் இருக்கிறதா?

ஜூன் 9, இரவு 11.20

இருக்கிறது. வண்டி எண்ணுவதுதான் 11 வருடம் என் பிழைப்பு. ஆம்பூர் முதல் வாலாஜா வரை எத்தனையோ முனைகளில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து அட்டையில் கோடு கிழித்திருக்கிறேன். நாலு நேர்க்கோடு, குறுக்கே ஒன்று, அஞ்சு வண்டி. 15 நிமிடத்துக்கு ஒரு தாள்.

நேராகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிற லாரியால் கிரீன் சர்க்கிளில் தொல்லை இல்லை. அங்கே மாட்டுகிறவர்கள் எல்லாம் ஊருக்குள் வர வேண்டியவர்கள், ஊரிலிருந்து காட்பாடிக்குப் போக வேண்டியவர்கள், புது பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்புகிறவர்கள். பாலம் போட்டு அவர்களைத் தூக்கிவிட்டால் எங்கே இறக்குவீர்கள்? நம் ஊர் அண்ணா சாலையில்தானே? அது அகலமாகப் போவதில்லை. கால்வாயை அகலமாக வெட்டிவிட்டு மதகை அப்படியே விட்டால் தண்ணீர் மதகில்தான் முட்டி நிற்கும். இப்போது கிரீன் சர்க்கிளில் நிற்கிறவர் அப்போது ராஜா தியேட்டர் ஸ்டாப்பிங்கில் நிற்பார்.

ரோடு போடுவது வேறு, போட்ட ரோட்டை நடத்துவது வேறு. நம் ஊரில் முதல் வேலைக்குத்தான் டெண்டர் இருக்கிறது. இரண்டாவதற்கு ஆள் இல்லை.

ஜூன் 10, காலை 6.40

படுத்த பிறகு தோன்றியது. ரவுண்டானாவை இடி என்கிறீர்களே, அது ஏன் பூட்டிக்கொள்கிறது என்று பார்த்தீர்களா?

சுற்றுக்குள் இருக்கிறவருக்கு முதல் வழி, வெளியே இருந்து நுழைகிறவர் நின்று வர வேண்டும். வட்டம் சுழல்வதற்கு இந்த ஒரு விதி போதும். இங்கிலாந்தில் ரவுண்டானாக்கள் வெகு காலமாக இருந்தும், நெரிசல் வந்தால் உள்ளே பூட்டிக்கொண்டுதான் கிடந்தன. 1966-ல் உள்ளே இருப்பவருக்கே முன்னுரிமை என்று விதி வைத்த பிறகுதான் அதே வட்டங்கள் ஓட ஆரம்பித்தன. இதற்கு சிமெண்டு செலவு கிடையாது.

இங்கே நடப்பது தலைகீழ். பாலாற்றுப் பாலத்திலிருந்து வருகிற பஸ் மூக்கை நுழைக்கிறது. உள்ளே சுற்றுகிற ஆட்டோ அதற்காக நிற்கிறது. அந்த ஆட்டோவுக்குப் பின்னால் இருக்கிறவர் வெளியேற வேண்டிய வாயில் மூன்றே அடி தள்ளி இருக்கிறது, அவரால் போக முடியவில்லை. அவர் போகாததால் அந்தப் பக்கம் நுழைந்தவரும் நிற்கிறார். நாலு பேர் நாலு பக்கம் இப்படி நின்றால் வட்டம் மொத்தமும் பூட்டு. அப்புறம் போலீஸ்காரர் ஒருவர் நடுவில் இறங்கி ஒரு வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

ஜூன் 10, இரவு 10.05

"எத்தனை வண்டி என்று தெரியாமல் பேசாதீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயம். ஆனால் எண்ணுவதிலேயே ஒரு கோணல் இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

தாளில் ஏறுகிற வண்டிகளை அப்படியே கூட்டமாட்டார்கள். ரோட்டில் அடைக்கிற இடத்தை வைத்து எல்லாவற்றையும் காராக மாற்றுவார்கள். கார் 1, டூ வீலர் 0.5, பஸ்ஸோ லாரியோ 3. பெரிய மாட்டு வண்டி 8! பாலாற்று மணல் ஏற்றிக்கொண்டு வரிசையாக ஏழெட்டு மாட்டு வண்டி வந்த ஒரு விடியற்காலை, என் தாளில் மட்டும் அந்த ரோடு அண்ணா சாலை மாதிரி ஆகிவிட்டது. கூட எண்ணிக்கொண்டிருந்த தம்பி மாட்டையும் தனியாக எண்ண வேண்டுமா என்று கேட்டான்.

இப்போது கணக்குப் பாருங்கள். பஸ் 3, டூ வீலர் 0.5. ஒரு பஸ் ஆறு டூ வீலருக்குச் சமம். ஆறு டூ வீலரில் எட்டு ஒன்பது பேர் போவார்கள். பாகாயம்–காட்பாடி 1, 2 நம்பர் பஸ்ஸில் காலை எட்டரைக்கு 60 பேர் தொங்குகிறார்கள். தாளில் இரண்டும் ஒன்றுதான். ஆள் கணக்கு தாளில் எங்கேயும் இல்லை.

ஜூன் 11, மதியம்

நேற்று எழுதியதில் தப்பு இருக்கிறது. 0.5, 3, 8 எல்லாம் ஊருக்கு வெளியே போகிற நெடுஞ்சாலைக்கான எண்கள். நகரச் சாலைக்கு, ரோடு அளவுகோல்களை வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-ல் வேறு அட்டவணை கொடுத்திருக்கிறது. ஓடுகிற வண்டிகளில் டூ வீலர் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஒன்றுக்கு 0.75. பஸ், லாரி 5 சதவீதத்துக்குள் இருந்தால் 2.2, பத்துக்கு மேல் போனால் 3.7. வேலூருக்குள் டூ வீலர்தான் ஏராளம், பஸ் குறைவு. ஆகவே 0.75-ம் 2.2-ம்தான் சரி.

அப்படியென்றால் ஒரு பஸ் ஆறு டூ வீலர் இல்லை, மூன்றே மூன்று. ரோட்டில் மூன்று டூ வீலர் அடைக்கிற இடத்தில் 60 பேரைக் கொண்டுபோகிறது. நான் தப்பாகச் சொன்னது என் வாதத்துக்கே பாதகமாக இருந்திருக்கிறது.

ஜூன் 11, இரவு 9.30

ஆட்டோ ஓட்டுகிற ஒரு அண்ணன் கோபமாகக் கேட்கிறார்: "எல்லாரும் கடைசியில ஆட்டோவைத்தான் சொல்வீங்க. ஸ்டாண்டு கொடுத்தா நாங்க ஏன் சார் மொனையில நிக்கப்போறோம்?"

அண்ணே, உங்கள் மேல் பழி போடவில்லை. ஆனால் முனையில் நிற்பதன் விலை உங்களுக்கும் தெரியட்டும். சிக்னலில் பச்சை விழுந்தால் எத்தனை வண்டி கடக்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ரோட்டின் அகலத்தை மீட்டரில் எடுத்து 525-ஆல் பெருக்க வேண்டும். 7 மீட்டர் ரோடு என்றால் 3,675. ஒரு மணி நேரம் முழுக்கப் பச்சையாகவே இருந்தால் அத்தனை கார் போகும் என்று அர்த்தம். நிறுத்துக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஆட்டோ ஒன்றரை மீட்டரை அடைத்து நின்றால் 2,887. அஞ்சில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. ஒரு ஆட்டோவுக்கு!

இதே ஆட்டோ 50 மீட்டர் தள்ளி நின்றால் இவ்வளவு நஷ்டம் கிடையாது. அதனால் ஸ்டாண்டு கொடுக்க வேண்டும், அதுவும் முனையிலிருந்து தள்ளிக் கொடுக்க வேண்டும். தள்ளிக் கொடுத்தால் சவாரி கிடைக்காது என்பீர்கள். நடைபாதை ஒழுங்காக இருந்தால் ஜனங்கள் 50 மீட்டர் நடந்து வருவார்கள். அந்த நடைபாதைதான் இல்லை.

ஜூன் 14, காலை

நடைபாதை என்று எழுதியது மனசில் கிடந்தது. நேற்று ஐடா ஸ்கடர் ரோட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டில் இன்னும் ஆற்காடு ரோடு என்றுதான் சொல்கிறோம். மருத்துவமனைக்கு எதிரே ஒரு டீக்கடை ஓரமாக முக்கால் மணி நேரம் நின்றேன்.

கல்கத்தா பக்கத்துக்காரர் என்று நினைக்கிறேன். அறுபது வயது இருக்கும். மனைவியை சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவின் மடியில் எக்ஸ்ரே கவர், அதன் மேல் ஒரு பிளாஸ்கு. லாட்ஜ் பக்கம் போக வேண்டும். நடைபாதையில் ஏற்ற முடியாது, ஏற்றினாலும் நாலடி தள்ளி ஒரு ஜெனரேட்டர். ரோட்டிலேயே வந்தார். கடக்க ஆரம்பித்ததும் ஒரு டூ வீலர் முன்னால் போனது, நின்றார். ஷேர் ஆட்டோ ஒன்று போனது, நின்றார். பின்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி மாட்டிக்கொண்டது. டீக்கடைப் பையன் ஓடிப்போய் தூக்கிவிட்டான். பிளாஸ்கு விழாமல் அந்த அம்மா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பழக்கத்தில் என் கை தானாகவே மணி பார்த்தது. 48 விநாடி.

நடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துக்கொண்டுதான் சிக்னலில் நேரம் ஒதுக்குவது வழக்கம். 12 மீட்டர் ரோடு என்றால் 10 விநாடி. ஆரோக்கியமான ஆளுக்குச் சரி. மருத்துவமனை வாசலில் யார் ஆரோக்கியமான ஆள்? தையல் பிரிக்காதவர், ஊன்றுகோல் வைத்தவர், நாற்காலியில் இருப்பவர். இந்த ரோட்டுக்கு அந்த எண்ணை விநாடிக்கு 0.8-ஆகவாவது குறைக்க வேண்டும். 15 விநாடி கொடுங்கள். வண்டிக்காரர் 5 விநாடி அதிகமாகக் காத்திருந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

11 வருடம் கோடு கிழித்தேன். நடந்து போகிறவர்களுக்கு ஒரு கோடுகூட கிழித்ததில்லை. என் தாளில் அதற்குக் கட்டமே இல்லை.

ஜூன் 14, இரவு

கொணவட்டத்து நண்பர் லண்டன், சிங்கப்பூர் மாதிரி ஊருக்குள் வர கட்டணம் வைக்கலாமே என்கிறார். சிங்கப்பூர் 1975-லேயே ஆரம்பித்தது. ஸ்டாக்ஹோமில் 2006-ல் ஏழு மாதம் சோதனையாக வைத்தார்கள், எல்லையைக் கடக்கிற வண்டி அஞ்சில் ஒரு பங்கு குறைந்தது. முதலில் எதிர்த்த ஊர், அந்தச் செப்டம்பரில் ஓட்டெடுப்பு வைத்தபோது வேண்டும் என்றது. அதனால் இது வேலைக்காகாத யோசனை இல்லை.

வேலூருக்கு வேண்டாம் என்பேன். நம் ஊருக்குள் வருகிறவர்களில் நோயாளிகள் எத்தனை பேர்! காசு வாங்க வேண்டுமென்றால் நிறுத்தத்துக்கு வாங்குங்கள். லாங்கு பஜாரிலும் மண்டித் தெருவிலும் காலை பத்து மணிக்கு டூ வீலரை நிறுத்திவிட்டு ராத்திரி எட்டுக்கு எடுக்கிறவர்கள் பெரும்பாலும் அந்தந்தக் கடையில் வேலை செய்கிறவர்கள்தான். சாமான் வாங்க வருகிறவருக்கு இடம் இல்லை. முதல் அரை மணி இலவசம், அப்புறம் மணிக்கு மணி ஏறட்டும்.

ஜூன் 18

மழை. அரை மணி நேரம்தான் பெய்தது. ஊர் மொத்தமும் நின்றுவிட்டது. டிராபிக் போலீஸ்காரர் ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். மழைக்கோட்டு இல்லை. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜூன் 21, இரவு 11

பள்ளிக்கூடம் திறந்த பிறகு நெரிசல் இரண்டு மடங்கு என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். இதில் எனக்குச் சொந்தமாக ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்துக்காக ஊருக்குள் ஒரு சந்திப்பை எண்ணினேன். நிறுவனத்தின் பெயரும் வேண்டாம், சந்திப்பின் பெயரும் வேண்டாம். அறிக்கை கொடுக்கக் கடைசித் தேதி நெருங்கிவிட்டது, ஆகவே மே மூன்றாவது வாரத்தில் எண்ணச் சொன்னார்கள். அக்கினி நட்சத்திரம். பள்ளிக்கூடம் லீவு, கல்லூரி லீவு, பாதி ஊர் சொந்த ஊருக்குப் போயிருந்தது. காலை எட்டரைக்கு அந்த முனையில் நாய் படுத்துக்கிடந்தது. "சார், ஜூன்ல ஒருதரம் எண்ணிடலாம்" என்று சொன்னேன். "பருவக் காரணி போட்டுக்கலாம், நீ எண்ணு" என்றார்கள். பருவக் காரணி என்றால், இந்த மாத எண்ணிக்கையை வருடத்துச் சராசரிக்குக் கொண்டுவர ஒரு எண்ணால் பெருக்குவது. நெடுஞ்சாலையில் அது ஓரளவு சரிவரும். பள்ளிக்கூட வாசலில் வராது. அங்கே வித்தியாசம் கூடக் குறைய என்பதில்லை, இருக்கிறது அல்லது இல்லவே இல்லை.

அந்தத் தாளை வைத்துத்தான் சிக்னலுக்கு நேரம் வைத்தார்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடப் பக்கத்து ரோட்டுக்குப் பச்சை 18 விநாடி. பிள்ளைகளை ஏற்றிய ஆட்டோக்கள் மூன்று சுற்று காத்திருந்தன. நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போவேன். ஒருமுறைதான் சொன்னேன், இன்னும் இரண்டு முறை சொல்லியிருக்கலாம்.

நேரத்தை மாற்ற எத்தனை செலவு? ஒன்றும் இல்லை. பெட்டியைத் திறந்து எண்ணை மாற்ற வேண்டும். ஆனால் பெட்டி யாருடையது?

ஜூன் 22, காலை

அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். தொடர்கிறேன்.

பெங்களூரு நெடுஞ்சாலையும் அதன் சர்வீஸ் ரோடும் தேசிய நெடுஞ்சாலை ஆணையம். ஊருக்குள் முக்கிய ரோடுகள் மாநில நெடுஞ்சாலைத் துறை. மற்றத் தெருக்களும் நடைபாதையும் மாநகராட்சி. சிக்னலை நடத்துவது போலீஸ். பஸ் ஓடுவது அரசுப் போக்குவரத்துக் கழக விழுப்புரம் கோட்டத்தின் கையில். ஆட்டோ பர்மிட் ஆர்.டி.ஓ. ஒரு சந்திப்புக்கு ஆறு வீட்டுக்காரர், குடியிருப்பவர் நாம்.

இவர்கள் எல்லாரும் ஒரே மேசையில் உட்காருகிற இடம் ஒன்று சட்டப்படி இருக்கிறது. கலெக்டர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு. விபத்து நடக்கிற இடங்களைப் பார்ப்பதுதான் அதன் முதல் வேலை, அது சரிதான். அதே கூட்டத்தில் மாதம் ஒரு சந்திப்பை எடுத்து, யார் எதை எந்தத் தேதிக்குள் மாற்றுவது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வருடத்துக்கு 12 சந்திப்பு. வேலூரில் மூச்சு முட்டுகிற சந்திப்பு 12 கூட இருக்காது.

2016-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் நம் ஊர் வந்தது, 2022-ல் புது பஸ் ஸ்டாண்ட் திறந்தது. கட்டடம் நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உள்ளே போன பஸ் வெளியே வந்ததும் வாசலிலேயே நின்று ஆள் ஏற்றினால் உள்ளே இருக்கிற நடைமேடை எதற்கு? கண்டக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. வெளியே ஜனங்கள் காத்திருக்கிறார்கள், அவர் ஏற்றுகிறார். ஏன் வெளியே காத்திருக்கிறார்கள் என்று யாராவது அங்கே நின்று பத்துப் பேரைக் கேட்க வேண்டும்.

ஜூன் 25

முதலில் கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: "அப்படியானால் நீங்கள் பாலத்துக்கே எதிரியா?"

இல்லை. இதில் நான் முதல் நாள் கொஞ்சம் வேகமாகப் பேசிவிட்டேன். 2022-ல் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தைப் பழுது பார்க்க மூடினார்களே, அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். இணைப்புகள் விட்டுப்போய், வண்டி ஏறும்போதே திக்கென்று இருந்த பாலம். மூடித்தான் ஆக வேண்டும். ஆனால் மூடியதும் காட்பாடியின் இரண்டு பக்கமும் இரண்டு ஊராகிவிட்டன. அங்கே இன்னொரு வழி கட்டாயம் வேண்டும். ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்க வேண்டும் என்பதற்காகப் பாலம் கட்டுவது வேறு, நெரிசலை அடுத்த முனைக்குத் தள்ளுவதற்காகக் கட்டுவது வேறு. முதலாவதுக்கு நானும் கையெழுத்துப் போடுவேன்.

ஜூன் 25, கொஞ்சம் கழித்து

புகை பற்றி யாரும் பேசவில்லையே என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. நின்றபடி ஓடுகிற கார் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். ஏ.சி. ஓடினால் இன்னும் கூடும். கிரீன் சர்க்கிளில் நிற்கிற ஒவ்வொரு கார்க்காரரும் போகாத ஊருக்குப் பெட்ரோல் போடுகிறார். அதைச் சுவாசிக்கிறவர் பக்கத்தில் டூ வீலரில் பிள்ளையை முன்னால் உட்கார வைத்திருப்பவர்.

எலக்ட்ரிக் வண்டி வந்தால் புகை போகும், நெரிசல் போகாது. எலக்ட்ரிக் காரும் அதே இடத்தைத்தான் அடைக்கும். இரண்டும் சேர்ந்து குறைய வேண்டுமென்றால் பஸ்தான். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. என் அண்ணி அதற்கு முன் தொரப்பாடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார், இப்போது பஸ்ஸைத் தவிர எதிலும் ஏறுவதில்லை. ஆனால் அந்த பஸ் நெரிசலில் சிக்கி அரை மணி தாமதமாக வந்தால், கையில் காசு இருக்கிறவர் அடுத்த மாதமே தவணையில் ஸ்கூட்டி எடுத்துவிடுகிறார். அப்புறம் அவரைத் திரும்ப பஸ்ஸில் ஏற்ற முடியாது. அதனால்தான் பஸ்ஸை முதலில் விடு என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். வண்டிகளை அல்ல, மக்களை நகர்த்துவதே நோக்கம் என்று 2006-லேயே தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கையில் எழுதியாகிவிட்டது.

ஜூன் 28, இரவு

இன்று மாலை 5.30 முதல் 6.30 வரை ராஜா தியேட்டர் ஸ்டாப்பிங்கில் நின்று பார்த்தேன். 34 டவுன் பஸ். நிறுத்தக் கோட்டுக்குள் ஒட்டி நின்றவை 9. மற்ற 25-ம் ரோட்டு நடுவில் நின்றுதான் ஏற்றின. ஏன் என்று ஒரு டிரைவரிடம் கேட்டேன். "நான் ஓரமா போனா திரும்ப உள்ள வர எவன் விடுவான்? அதுவுமில்லாம அங்க பாருங்க" என்றார். பார்த்தேன். நிறுத்தத்துக்குள் ஒரு பழ வண்டி, இரண்டு ஆட்டோ, ஒரு போலீஸ் பேரிகார்டு. நெரிசலைத் தடுக்க வைத்த பேரிகார்டு பஸ்ஸை நடு ரோட்டில் நிறுத்துகிறது.

அந்தப் பேரிகார்டை 15 அடி தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. அங்கே பணியில் இருந்தவரிடம் பேசினேன். வியாழக்கிழமை மாலை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துப் பார்க்கலாம், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பழக்கார அம்மாவிடமும் பேசினேன். பத்தடி தள்ளிப் போடச் சம்மதம், ஆனால் வெயில் படாத இடம் வேண்டும் என்றார். மரத்தடி ஒன்று இருக்கிறது.

ஜூலை 1

மேலிடத்தில் சரி சொல்லிவிட்டார்கள். வியாழன் மாலை 5.15-க்கு வாருங்கள். நாலு பேர் வேண்டும்: ஒருவர் பஸ் எங்கே நிற்கிறது என்று எழுத, ஒருவர் எத்தனை விநாடி என்று பார்க்க, ஒருவர் பின்னால் வரிசை எந்தக் கடை வரை நீள்கிறது என்று குறிக்க, ஒருவர் நடந்து கடப்பவர்களை எண்ண. தாள் நான் கொண்டு வருகிறேன், நடப்பவர்களுக்குத் தனிக் கட்டம் போட்டுவிட்டேன். புதன்கிழமையும் அதே நேரம், எதையும் மாற்றாமல், ஒருமுறை எண்ணியாக வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. கேள்வி கேட்ட காட்பாடி நண்பரே, வேலை முடிந்து அந்த வழியாகத்தானே போகிறீர்கள்? வரிசை குறிக்கிற வேலை உங்களுக்கு.